ஒற்றை எழுத்தில் திறந்த நாடகம்

கோப்பின் பெயருக்கு நேராக 0 KB என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. மடிக்கணினிக்குப் பக்கத்தில் ஆறிப்போய் ஏடு படிந்த மைலோ. கூடத்தில் என் கணவர் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சூடான பருத்தித் துணியின் வாசனை வீடு முழுக்க இருந்தது.

ஒரு நிமிடத்துக்கு முன்பு வரை அந்த இடத்தில் 91 KB என்று இருந்தது. அது ஒரு நாடகம். என் தோழி நூர்ஜஹானின் கணவர் எழுதியது. அவர் இறந்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. அந்த நொடியில் எனக்கு நினைவு வந்தவரை அந்த நாடகத்துக்கு இருந்த ஒரே பிரதி, நூர் என்னை நம்பிக் கொடுத்த தம்ப்டிரைவில்தான் இருந்தது.

அதை நான் அழித்துவிட்டேன்.

"என்ன, மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார் கணவர், இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி.

மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன்.

பள்ளிப் பேருந்தும் ஒரு கம்ப்யூட்டரும்

சிராங்கூன் சாலையில் ஒரு புடவைக் கடையில் நானும் நூரும் பதினொரு வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். வாடிக்கையாளர் இழுத்துப் போட்டுவிட்டுப் போன புடவைகளை ஆளுக்கொரு முனை பிடித்து மடித்தே எங்கள் நட்பு வளர்ந்தது. நூர் பேசிக்கொண்டே மடிப்பாள். ஆனாலும் கரையும் கரையும் பிசகாமல் சேரும்.

அவள் கணவர் ரஹ்மான் அண்ணன் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டால், மதியம் பள்ளி விடும்வரை அவருக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில் நாடகம் எழுதுவார். கையால் அல்ல. யாரிடமோ வாங்கிய பழைய கம்ப்யூட்டரில், இரண்டு விரலால், தட்டித் தட்டி.

"தட்டுற சத்தம் நிக்கும், அப்புறம் தனியா சிரிப்பாரு. எனக்கு எரிச்சலா வரும் லா," என்பாள் நூர்.

அவர் கடைசியாக எழுதியது 'காரிடாரில் ஒரு கொடி'. வீவக என்கிற அரசு அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் அடுத்தடுத்த இரண்டு வீட்டுக்காரர்கள், பொதுக் காரிடாரில் துணி உலர்த்தும் கொடிக்காகச் சண்டை போடுகிறார்கள். முதல் காட்சியை மட்டும் அச்செடுத்து நண்பர் குமரேசன் அண்ணனிடம் கொடுத்திருந்தார். குமரேசன் அண்ணன் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர், ஒரு நாடகக் குழுவையும் நடத்துகிறவர். மிச்சத்தைக் கொடுப்பதற்குள் ரஹ்மான் அண்ணனுக்கு மாரடைப்பு வந்துவிட்டது.

அந்தச் சண்டை எப்படி முடிகிறது என்பது யாருக்குமே தெரியாது.

திறக்காத கோப்பு

நாடகம் கம்ப்யூட்டரில் இருந்தது. ஆனால் அதைத் திறக்க முடியவில்லை. அண்ணன் பயன்படுத்தியது அந்தக் காலத்துத் தமிழ் மென்பொருள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதற்குரிய பிளாப்பி வட்டைப் போடச் சொல்லிக் கேட்கும். அந்த வட்டு பூஞ்சை பிடித்துப் போயிருந்தது. மென்பொருளை விற்றவர்களும் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள்.

குமரேசன் அண்ணன் கோப்பை மட்டும் தம்ப்டிரைவில் எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். திறந்து பார்த்தவர்களுக்கெல்லாம் கட்டங்களும் கேள்விக்குறிகளும்தான் தெரிந்தன. "ஃபைல் கெட்டுப்போச்சு, அங்கிள்," என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

இதற்கிடையே அவருடைய குழுவுக்கு அரங்கம் கிடைத்திருந்தது. ரஹ்மான் நினைவாக அவர் நாடகத்தையே போடவேண்டும் என்பது குமரேசன் அண்ணனின் ஆசை. ஆனால் நடிகர்கள் ஒத்திகை பார்க்க வேண்டுமே. இரண்டு வாரத்துக்குள் கிடைக்காவிட்டால் வேறு நாடகம் என்று முடிவு செய்திருந்தார்கள்.

நூர் தம்ப்டிரைவை என்னிடம் கொண்டுவந்தாள்.

"நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறியே. பாரு."

"நூர், நான் ஒரு தடவ ஃபெயில் ஆனவ."

"அதனால என்ன? இப்ப மறுபடியும் படிக்கிறதானே?"

உண்மைதான். நாற்பத்து மூன்று வயதில் புடவைக் கடையில் முழுநேர வேலையை விட்டுவிட்டு, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் போய்வந்துகொண்டு, மாலை வகுப்பில் கணினி டிப்ளமோ சேர்ந்திருந்தேன். வகுப்பிலேயே மூத்தவள் நான். மற்ற பாடங்களில் எப்படியோ தேறினேன். C என்ற கணினி மொழியில் தோற்றேன். அதிலும் குறிப்பாக, கோப்பைப் படிப்பது, கோப்பில் எழுதுவது என்ற பகுதியில். விரிவுரையாளர் என் விடைத்தாளைப் பார்த்துவிட்டு, "உங்கள் புரோகிராம் நன்றாக ஓடும், கோப்பைத் தொடாதவரை," என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலித்தது.

இப்போது அதே பாடத்தை இரண்டாவது தடவை படித்துக்கொண்டிருந்தேன். கோப்பு கெட்டிருக்காது என்று நூரிடம் சொல்லி, தம்ப்டிரைவை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஒரு எழுத்து

C மொழியில் ஒரு கோப்பைத் திறக்க fopen என்று ஒரு கட்டளை உண்டு. கோப்பின் பெயரைச் சொல்லி, எதற்காகத் திறக்கிறோம் என்பதற்கு ஓர் எழுத்தையும் கொடுக்க வேண்டும். படிக்க என்றால் r. எழுத என்றால் w. கடைசியில் சேர்க்க என்றால் a.

w கொடுத்துத் திறந்தால், உள்ளே ஏற்கனவே ஏதோ இருக்கிறதே என்று கணினி தயங்காது. இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு, வெறும் தாளை நீட்டும். "எழுத வேண்டும் என்றாயே, எழுது," என்பதுபோல.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்தது இதுதான். முந்தைய நாள் பயிற்சிக்கு எழுதிய புரோகிராமை எடுத்து, கோப்பின் பெயரை மட்டும் மாற்றி ஓட்டினேன். அந்தப் பயிற்சி கோப்பில் எழுதுவதற்கானது. அதில் w இருந்ததைக் கவனிக்கவில்லை. முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற புத்தியும் இல்லை.

ரஹ்மான் அண்ணன் எத்தனையோ காலைப் பொழுதுகளில் இரண்டு விரலால் தட்டியது, கண் சிமிட்டும் நேரத்துக்குள் போய்விட்டது.

கணவர்தான் கேட்டார், "அந்தப் பழைய கம்ப்யூட்டர் இன்னும் அவங்க வீட்லதானே இருக்கு? அதுல இருக்காதா?"

பதறிக்கொண்டு நூருக்குப் போன் போட்டேன்.

போனில் கேட்ட ஓட்டம்

"நூர், அண்ணனோட கம்ப்யூட்டர் எங்க?"

"ஏன்? அதான் எல்லாத்தையும் தம்ப்டிரைவ்ல எடுத்தாச்சே. ரூம கழுவி விட்டுட்டேன். காரங்குனிக்காரர் வந்தாரு, இப்பதான் தூக்கிட்டுப் போனாரு."

காரங்குனிக்காரர் என்றால் பழைய சாமான் எடுப்பவர். ஹார்ன் அடித்துக்கொண்டு புளோக் புளோக்காக வருவார். வேண்டாததை எல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்.

"நூர், நான் ஃபைல அழிச்சிட்டேன்."

"எந்த ஃபைல?"

"தெரியாம அழிச்சிட்டேன். அந்த கம்ப்யூட்டர்லதான் இனிமே இருக்கு."

அப்போது போனில் தூரத்தில் பாம், பாம் என்று ஹார்ன் சத்தம் கேட்டது. நூரின் வீடு லிட்டில் இந்தியாவுக்குப் பின்னால், நான்காவது மாடி. அவளுக்கும் அது கேட்டிருக்க வேண்டும்.

"யா அல்லாஹ்," என்றாள். அடுத்து கேட்டது செருப்புச் சத்தம்.

அவள் போனை வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டே ஓடினாள். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்குவது எனக்குக் கேட்டது. தட், தட், தட். இடையிடையே அவள் மூச்சு. நான் புக்கிட் பாஞ்சாங்கில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கணவர் இஸ்திரியின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

பிறகு திறந்தவெளிச் சத்தம். ஒரு லாரி உறுமியது.

"அங்கிள்! துங்கு! துங்கு, அங்கிள்!" நூர் மலாயில் நிற்கச் சொல்லிக் கத்தினாள். கடையில் பதினொரு வருடத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

உறுமல் நின்றது. ஒரு சீனப் பெரியவரின் குரல். கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் அடியில் போய்விட்டது, மேலே மூன்று மின்விசிறி, ஒரு மெத்தை, எப்படி எடுப்பது என்று பாதி மலாயில், பாதி ஆங்கிலத்தில் முணுமுணுத்தார்.

நூர் சொன்னாள், மூச்சு வாங்கிக்கொண்டே: "அங்கிள், அதுல என் ஹஸ்பண்ட் எழுதுனது இருக்கு. அவரு இப்ப இல்ல."

தமிழில்தான் சொன்னாள். பதற்றத்தில் அவளுக்கு வேறு மொழி வரவில்லை. ஆனால் பெரியவருக்குப் புரிந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து ஏதோ கனமான சாமான்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் இறங்கும் சத்தம் கேட்டது. மெத்தை. மின்விசிறி. மின்விசிறி. மின்விசிறி.

"சாந்தி," என்றாள் நூர் கடைசியில். "கெடச்சிருச்சு. கெடச்சிருச்சு லா."

நான் அடுத்த ரயிலைப் பிடித்தேன்.

மூன்று பிரதிகள்

நூரின் வீட்டில், கழுவிவிட்ட ஈரத் தரையில், அந்தக் கம்ப்யூட்டர் தூசியோடு உட்கார்ந்திருந்தது. பக்கவாட்டில் புதிதாக ஒரு நசுங்கல். பழைய திரையைக் காரங்குனிப் பெரியவரே மாடிவரை தூக்கிவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

சுவிட்சைப் போட்டோம். விசிறி இருமிவிட்டுச் சுற்றியது. ஐந்து நிமிடம் ஆனது. கோப்பு இருந்தது. 91 KB.

புது தம்ப்டிரைவில் ஒரு பிரதி. என் மடிக்கணினியில் ஒன்று. எனக்கே மின்னஞ்சலில் ஒன்று. மூன்றாவது போய்ச் சேர்ந்த பிறகுதான் தண்ணீர் கேட்டேன்.

"நூர், மன்னிச்சிரு. இது எனக்கு சரிப்படாது. தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது குடுத்திரலாம்."

அவள் தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். படியில் ஓடியதில் அவள் முழங்கால் சிராய்ந்திருந்தது.

"எல்லார்கிட்டயும் குடுத்துப் பாத்தாச்சு. எல்லாரும் கெட்டுப்போச்சுன்னுதானே சொன்னாங்க? நீ ஒருத்திதான் கெடலன்னு சொன்ன. அழிச்சவளே தொறந்து குடு."

எண்களின் பின்னால் ஒரு குரல்

கெடவில்லை என்று நான் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எந்தக் கோப்பும் கடைசியில் எண்களின் வரிசைதான். அண்ணன் தட்டிய ஒவ்வொரு எழுத்துக்கும் அந்தப் பழைய மென்பொருள் ஓர் எண்ணைக் கொடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. எந்த எண் எந்த எழுத்து என்று தெரிந்துவிட்டால் படித்துவிடலாம்.

அது தெரிய ஒரு வழியும் இருந்தது. குமரேசன் அண்ணனிடம் இருந்த அச்சுப்பிரதி. முதல் காட்சி, ஆறு பக்கம்.

கோப்பை r கொடுத்துத் திறந்து, ஒவ்வொரு எண்ணாகத் திரையில் காட்டும் சின்ன புரோகிராம் ஒன்று எழுதினேன். r என்று தட்டிவிட்டு, மூன்று தடவை உரக்கப் படித்துப் பார்த்த பிறகே ஓட்டினேன். அச்சுப்பிரதியின் முதல் வசனம், "மரியம்: யாரோட துணி இது?" எண்களை அதற்கு நேராக எழுதி ஒப்பிட்டேன். 'ம' இந்த எண். 'ரி' இந்த எண். இரண்டு பக்கம் போவதற்குள் பெரும்பாலான எழுத்துகள் பிடிபட்டன. நூரும் கடையிலிருந்து வந்ததும் உட்கார்ந்து எனக்குப் படித்துச் சொன்னாள்.

பிறகு அந்த எண்களை இன்றைய தமிழ் எழுத்துகளாக மாற்றி வேறொரு கோப்பில் எழுதும் புரோகிராம். முதல் தடவை ஓட்டியபோது 'கொடி' என்ற சொல் கொம்பு முன்னாலும் காலும் டியும் பின்னாலுமாகச் சிதறி நின்றது.

"கொம்பு ஏன் தனியா நிக்குது?" என்றாள் நூர்.

அண்ணனின் மென்பொருள், கையால் எழுதுவதுபோல முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று சேமித்திருந்தது. இன்றைய முறையில் க தான் முதலில் வர வேண்டும். கொம்பைக் கண்டால் உடனே எழுதிவிடாமல் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்த எழுத்து வந்ததும் அதன் பின்னால் சேர்க்கும்படி மாற்றினேன். அதற்கு மட்டும் மூன்று நாள் ஆனது.

நின்றுபோன இடம்

அடுத்த சனிக்கிழமை காலை, நூரின் மேசையைச் சுற்றி மூன்று பேர். நூர், நான், குமரேசன் அண்ணன். கெடு முடிய இன்னும் ஐந்து நாள்.

ஓட்டினேன். தமிழ் வந்தது. சுத்தமான தமிழ். குமரேசன் அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். மரியம் பேசினாள். பக்கத்து வீட்டுப் பொன்னி பதில் சொன்னாள். நூர் கையைத் தட்டினாள்.

முதல் காட்சி முடிந்தது. அதோடு நின்றுவிட்டது.

"இது நம்ம கையில இருக்கறதுதானேம்மா?" என்றார் குமரேசன் அண்ணன் மெதுவாக.

மறுபடி ஓட்டினேன். அதே இடத்தில் நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"ஒருவேளை ரஹ்மான் இவ்வளவுதான் எழுதியிருந்தாரோ?"

"இல்ல," என்றாள் நூர். "முடிச்சிட்டேன்னு சொன்னாரு. அன்னைக்கு பிரியாணி வாங்கிட்டு வந்தாரு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அவள் சொன்ன உறுதியில் எனக்கும் ஒரு பிடிவாதம் வந்தது. கோப்பின் அளவு 91 KB. என் புரோகிராம் படித்தது எத்தனை என்று எண்ணச் சொன்னேன். ஒன்பது KBயைத் தாண்டவில்லை. பத்தில் ஒரு பங்கைப் படித்துவிட்டு, கோப்பு முடிந்துவிட்டது என்று அது என்னிடம் பொய் சொல்கிறது.

ஏன்?

நின்ற இடத்தில் இருந்த எண்ணைப் பார்த்தேன். 26.

பாடப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்தேன். போன வருடம் தேர்வில் நான் தொடாமல் விட்ட பக்கம் அது. விண்டோஸ் கணினியில் ஒரு கோப்பை வெறும் r கொடுத்துத் திறந்தால், அதை உரை என்று எடுத்துக்கொள்ளும். உரையில் 26 என்ற எண் வந்தால், அதுதான் முடிவு என்று நிறுத்திவிடும். பழைய காலத்து வழக்கம். அண்ணனின் மென்பொருளோ ஒவ்வொரு காட்சியின் கடைசியிலும் 26 என்று ஓர் அடையாளம் போட்டு வைத்திருக்கிறது. அதற்கு அது காட்சி முடிவு. என் புரோகிராமுக்கு அது கோப்பின் முடிவு.

எதையும் நீயாக அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே, எல்லா எண்ணையும் அப்படியே கொடு என்று சொல்ல, r உடன் ஒரு b சேர்க்க வேண்டும். அவ்வளவுதான்.

சேர்த்தேன்.

ஓட்டினேன்.

முதல் காட்சி ஓடியது. நிற்கவில்லை. இரண்டாவது காட்சி. மூன்றாவது. வரிகள் திரையில் மேலே மேலே ஏறிக்கொண்டே போயின, யாரும் இதுவரை படித்திராத வரிகள். குமரேசன் அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அடேய் ரஹ்மான்!" என்று கத்தினார். நூர் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. ஒன்றும் தெரியாதவள்போல அத்தனை நாளும் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த வெட்கம், அந்த நிமிடத்தோடு போயிற்று.

கடைசிக் காட்சி

நூர் கடைசிக் காட்சியை முதலில் படிக்க வேண்டும் என்றாள். உரக்கப் படித்தாள்.

மழை. காரிடாருக்குள் சாரல் அடிக்கிறது. பொன்னி வீட்டில் ஆள் இல்லை. மரியத்தின் கணவர், அத்தனை நாள் சண்டை போட்டவர், வெளியே வந்து எதிரியின் துணிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு உள்ளே போகிறார். உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடிக்கிறார். மடிக்கத் தெரியவில்லை. ஒரு புடவையோடு மல்லுக்கட்டுகிறார்.

நூர் படிப்பதை நிறுத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"வீட்ல ஒரு நாள், ஒரு கைலிய மடிச்சதில்ல இந்த மனுஷன்!"

குமரேசன் அண்ணன் அங்கேயே நடிகர்களுக்குப் போன் போட ஆரம்பித்தார்.

அரங்கம்

அந்தப் பருவத் தேர்வில் C பாடத்தில் தேறினேன். கோப்புகளைப் பற்றிய கேள்விக்கு முழு மதிப்பெண். விரிவுரையாளர் தாளைக் கொடுக்கும்போது எழுந்து நின்று கொடுத்தார்.

அதற்கு முந்தைய மாதமே நாடகம் மேடையேறியிருந்தது. கூடுதலாக நாற்காலி போட வேண்டியிருந்தது. ரஹ்மான் அண்ணனின் பேருந்தில் போன பிள்ளைகள் வளர்ந்து, பெற்றோரோடு வந்திருந்தார்கள். நூர் முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பட்டுப் புடவை, தலையில் முக்காடு, மடியில் கைப்பை. நாடகம் நடந்த ஒன்றரை மணி நேரமும் மேடையைப் பாதி, கூட்டத்தைப் பாதி என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் சிரித்தபோதெல்லாம் அவள் விரல் ஒன்று மடங்கியது.

திரை விழுந்ததும் ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. குமரேசன் அண்ணன் மேடையிலிருந்து நூரை அழைத்தார். அவள் எழுந்திருக்கவில்லை. என் காதருகே குனிந்தாள்.

"அஞ்சு எடத்துல சிரிப்பாங்கன்னு அவரு சொல்லிருந்தாரு."

"ம்?"

"ஒம்போது."

அதைச் சொல்லிவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து மேடைக்கு நடந்தாள்.